உள்ளே வருவதை எண்ணாத மீட்டர்

என் வீட்டுக்காரர் போனில் ஹலோ சொல்ல மாட்டார். எண் சொல்வார். "ஐம்பத்தஞ்சு" என்பார். நல்ல நாளாக இருந்தால் "ஐம்பத்தேழு" என்பார், அதுவும் ஏதோ அவரே வியர்வை சிந்திச் சேர்த்துவைத்த மாதிரி ஒரு பெருமையோடு. அதற்குப் பிறகுதான் "எப்படி இருக்கே?" வரும். மற்ற பெண்களுக்குப் புருஷன் குரலைக் கேட்டதும் மனம் குளிரும். எனக்கு எண்ணைக் கேட்ட பிறகுதான் குளிர்வதா, எரிவதா என்று முடிவாகும்.

அவர் மலைமேல் ஒரு வெள்ளக் கண்காணிப்பு நிலையத்தில் தனியாக இருக்கிறார். ஆற்றில் நட்டுவைத்திருக்கும் அளவுகோலைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கீழே உள்ள அலுவலகத்துக்கு வயர்லெஸில் சொல்ல வேண்டும். தண்ணீர் திடீரென்று ஏறினால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் கீழே இருக்கிற ஊர்களில் ஆட்களை மேட்டுக்கு ஏற்றுவார்கள். மின்சார லைன் அங்கே போகவில்லை. கூரையில் ஒரு சோலார் பேனல், அறைக்குள் ஒரு பேட்டரி, பேட்டரியில் இன்னும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டச் சுவரில் ஒரு சின்ன மீட்டர், அவ்வளவுதான். செல்போனுக்குச் சிக்னலும் கிடையாது. பூஸ்டர் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் சிக்னல் வரும். ஆனால் அது பழைய பெட்டி, அதற்கு யானைப் பசி. ஐந்தாறு நிமிடம் பேசினால் மீட்டரில் ஒரு எண் இறங்கிவிடும்.

ஐம்பதைத் தொட்டால் பூஸ்டரை அணைத்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. மிச்சமெல்லாம் வயர்லெஸுக்கு, வெள்ளத்துக்கு. நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விதி என்று ஒன்றை என் வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் அசைக்க முடியாது. "தொட்டுடுச்சு, வைக்கிறேன்" என்பார், வைத்தும்விடுவார். ஒருமுறை நான் தும்மிக்கொண்டிருக்கும்போது வைத்துவிட்டார். உங்கள் பிள்ளையை விதிக்குத்தான் தத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று மாமியாரிடம் சொன்னேன். "இவனாவது பரவாயில்லை, இவங்கப்பா இதுக்கு மேல" என்றார் அவர்.

கிடைக்கிற நேரத்தில் பாதி மாமியாருக்கு. அதையும் நான் குறை சொல்லக் கூடாது, பெற்றவர். ஆனால் அவருக்குக் காது மந்தம். ஒன்று கேட்பார், பதில் வரும், "என்னது?" என்பார். திரும்பவும் பதில் வரும். "சத்தமாச் சொல்லு ராசா" என்பார். சாப்பிட்டாயா, சளி பிடித்ததா, ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாயா என்ற மூன்று கேள்விக்கு ஒரு சதவீதம் காலி. பிறகு போன் என் கைக்கு வரும். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் "இங்க எல்லாம் நல்லா இருக்கு, நாங்க பார்த்துக்குறோம், நீங்க கவலைப்படாதீங்க" என்பேன். அந்தப் பக்கம் அவர் "சரி" என்பார். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? தனியாக இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன சொல்ல முடியும்?

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. இந்த மழைக்காலம் முடியும்போது அவருடைய ஒப்பந்தமும் முடிகிறது. இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், ஏனென்றால் அந்த மலைக்குப் போக வேறு எந்தப் புத்தியுள்ளவனும் வரமாட்டான். கையெழுத்துப் போடாதீங்க, போதும், வந்துடுங்க. இதுதான் நான் சொல்ல வேண்டியது. சொல்லிப் பார்த்தால் நாலு வார்த்தை. ஆனால் அவரிடம் நாலு வார்த்தையில் ஒரு காரியத்தைச் சொன்னால் "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை வரும், அதோடு அந்தக் காரியம் கிணற்றில் போட்ட கல். அவரைச் சுற்றி வளைத்து, ஊர்க்கதை பேசி, கொஞ்சம் சிரிக்கவைத்து, கொஞ்சம் திட்டி, அவர் வாயாலேயே "ஆமாம்ல" என்று வரவைக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது தேவை. என்னிடம் இருந்தது நாலைந்து சதவீதம், அதிலும் பாதி மாமியாருக்கு.

எனக்கு அவர் வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமலே சொல்லிவிடுகிறேன். கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் முதலில் ஒருநாள் துவைத்த துணியை வைத்தேன், மறுநாள் மடிக்கலாம் என்று. இப்போது அது துணி வைக்கிற இடமாகவே ஆகிவிட்டது. தூங்கும்போது கையை அந்தப் பக்கம் போட்டால் தலையணை உறை, துண்டு, மாமியாரின் உள்பாவாடை. சிரிப்பு வருகிற மாதிரிதான் இருக்கும், வராது.

நான் வேலை செய்வது இன்வர்ட்டரும் பேட்டரியும் விற்கிற கடையில். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பழுது பார்ப்பது. நான் பின்பக்கம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, முனைகளில் பூத்திருக்கும் பச்சையைச் சுரண்டி வாசலின் தடவுவது, ஆசிட் தெறித்துப் பொத்தல் விழுந்த துணியோடு வீட்டுக்குப் போவது, இதெல்லாம் என் உத்தியோகம். வருகிறவர்கள் என்னைப் பேட்டரிக்கா என்பார்கள். "அக்கா, ஃபுல்னு காட்டுது, மிக்ஸியைப் போட்டா பொசுக்குன்னு போயிடுது. மீட்டர் பொய் சொல்லுதுக்கா" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். "அது பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது" என்பேன். முதலாளி முன்பக்கத்திலிருந்து சிரிப்பார். நான் அதை எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த வகை மீட்டர் பேட்டரிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பேட்டரியின் கறுப்பு முனையை ஒட்டி விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். ஷன்ட் என்போம். அதன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது, எவ்வளவு வருகிறது என்று மீட்டர் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி. அவர் வாசலில் நுழைந்தவர்களை எண்ணி உள்ளே இத்தனை பேர் என்பார். பக்கத்துக் கதவு வழியாக ஒரு கூட்டமே போய் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. அவர் கணக்கில் கொட்டகை காலி.

இது தினமும் என் வாயில் புழங்குகிற பாடம். ஆனாலும் மலையிலிருந்து ஒரு எண் வந்தால், சாமி வாக்கு மாதிரி கேட்டுக்கொண்டு கிடந்தேன். அது என் வீட்டுக்காரர் குரலில் வந்ததுதான் காரணம்.

மழை சற்று ஓய்ந்து, நாலைந்து நாள் நல்ல வெயில். எண் ஏறும், இந்த வாரம் எப்படியும் பேசிவிடலாம் என்று என்னென்ன கதையில் ஆரம்பிப்பது என்பதுவரை யோசித்துவைத்திருந்தேன். போன் வந்தது.

"ஐம்பத்திரண்டு" என்றார்.

"அங்க வெயில் இல்லையா?"

"சுள்ளுன்னு அடிக்குது. தகரக் கூரை பொரியுது."

மறுநாள் "ஐம்பத்தொண்ணு" என்றார். வெயில்? அதேதான். மாமியார் பேசி முடித்துப் போனை என்னிடம் கொடுக்கும்போது "தொட்டுடுச்சு" என்ற சத்தம்தான் எனக்குக் கிடைத்தது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைப் பார்த்து மாமியார் எதுவும் பேசாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

அடுத்த நாள் கடையில் ஒரு பேட்டரியின் மூடியைத் திறந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வெயில் அடிக்கிறது, எண் இறங்குகிறது. மழையில் ஐம்பத்தைந்து இருந்தது வெயிலில் ஐம்பத்தொன்றாக எப்படி ஆகும்? வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அடுத்த மூச்சில் சொல்லியிருப்பேன், உன் மீட்டருக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்று. பேட்டரிக்காவாம் பேட்டரிக்கா. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்று மாலை மாமியாரிடம் கேட்டேன். "அத்தை, இன்னைக்கு மட்டும் போனை எனக்கே விட்டுடுங்க. வேலை விஷயம்."

"என் பிள்ளைகிட்ட உனக்கென்ன வேலை விஷயம்?" என்றார். ஆனால் விட்டுக்கொடுத்தார்.

"ஐம்பத்தொண்ணு" என்றார் அவர்.

"அது கிடக்கட்டும். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி எழுந்து, வெயில் வர்றதுக்குள்ள, லைட்டெல்லாம் அணைச்சிட்டு, மீட்டர்ல ஒரு பட்டன் இருக்கும்ல, அதை அமுக்குங்க. வோல்ட் காட்டும். அது எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்யுங்களேன்."

"மீட்டரைத் தொடலாமான்னு தெரியலையே."

"பட்டனை அமுக்கினா வெள்ளம் வந்துடாதுங்க!"

"கத்தாதே. தொட்டுடுச்சு, வைக்கிறேன்."

மறுநாள் அவர் சொன்ன வோல்ட் பன்னிரண்டு புள்ளி ஏழு. பாதி காலியான பேட்டரி விடியற்காலையில் பன்னிரண்டு புள்ளி இரண்டு காட்டினாலே அதிகம். பன்னிரண்டு புள்ளி ஏழு என்றால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். அதை மீட்டர் பட்டினி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷனும் அதை நம்பி ஒவ்வொரு நாளும் பாதிப் பேச்சில் போனை வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. உடனே அழுகை வந்தது. எத்தனை நாள், கடவுளே.

"உங்க பேட்டரி ஃபுல்லுங்க. மீட்டர்தான் தப்பு" என்றேன்.

"மீட்டர் ஐம்பத்தொண்ணு காட்டுது."

"அதான் தப்புன்னு சொல்றேன்ல."

"நீ அங்க இருந்துக்கிட்டு எப்படிச் சொல்ற? நான் இங்க பார்த்துக்கிட்டு இருக்கேன்."

இப்படி ஒரு ஆளோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் என் பாடு தெரியும். ஒரு பொய்யான மீட்டரைத் திருத்த வேண்டும், அதற்கு அந்தப் பொய்யான மீட்டர் தருகிற நிமிடங்கள்தான் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. அதிலும் அவர் ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்குள் பாதி நேரம் காலடிச் சத்தத்திலேயே போய்விடும். "இருக்கியா?" என்று திரும்பி வருவார். இருக்கிறேன். வேறு எங்கே போகப்போகிறேன்?

அடுத்த நாள் என் கேள்வி இது: "சமீபத்துல அங்க புதுசா ஏதாவது மாட்டினாங்களா?"

அவர் எதையோ நகர்த்திவைக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு பேனல்" என்றார் கடைசியில். "போன தடவை ஆளுங்க சாமான் கொண்டுவந்தப்ப இன்னொரு பேனல் மாட்டிட்டுப் போனாங்க."

"ரெண்டாவது பேனலா? இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான்..." என்று மென்று விழுங்கினார். "தொட்டுடுச்சு. வைக்கிறேன்."

பேனல் என்றதும் எனக்குப் பாதி படம் தெரிந்துவிட்டது. மாட்ட வந்தவர்கள் மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், புதுப் பேனலின் கறுப்பு வயரை ஷன்ட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டாமல் நேராகப் பேட்டரி முனையிலேயே சொருகியிருப்பார்கள். அது பக்கத்துக் கதவு. புதுப் பேனல் அந்த வழியாகக் கரண்டைக் கொட்டி பேட்டரியை நிரப்பிவிடும். பழைய பேனல், பேட்டரிதான் நிரம்பிவிட்டதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மீட்டர் பார்ப்பது பழைய பேனலை மட்டும். அதன் கண்ணுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், போகிறவர்கள் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே வருகிற கரண்ட் அடங்குவதைப் பார்த்தால்தான் மீட்டர் "நிறைந்தது" என்று ஒத்துக்கொள்ளும். வருவதையே பார்க்காவிட்டால் எதை ஒத்துக்கொள்ளும்? வெயில் அடிக்க அடிக்க எண் இறங்கியது இதனால்தான்.

"பேட்டரியோட கறுப்பு முனையில எத்தனை வயர் மாட்டியிருக்கு?" இது அதற்கடுத்த நாள்.

காலடிச் சத்தம். போகிறார். ஏதோ தட்டுப்பட்டு விழுகிற சத்தம். வருகிறார். "எல்லா வயரும் கறுப்பாத்தான் இருக்கு."

"ஐயோ, வயர் கறுப்பு இல்லீங்க, முனை! கழித்தல் குறி போட்டிருக்கும்."

போகிறார். வருகிறார். "ரெண்டு. ஒண்ணு பித்தளைக் கட்டைக்குப் போகுது. இன்னொண்ணு சுவர் வழியா மேல போகுது."

"மேல போறது புதுப் பேனலோட வயர். அதைக் கழட்டி அந்தப் பித்தளைக் கட்டையோட மறுபக்கம் மாட்டணும். ஒரு ஸ்பேனர் போதும்."

"அது முடியாது" என்றார், கொஞ்சம்கூட யோசிக்காமல். "நிலையத்துச் சாமான்ல நான் கைவைக்கக் கூடாது. மழை முடிஞ்சு ஆளுங்க வரும்போது சொல்றேன்."

மழை முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்துவிடும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் இருக்கிற இரண்டு நிமிடமும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"உங்க ஆத்துல நிக்கிற அளவுகோல் சாய்ஞ்சு, தண்ணி மட்டத்தை ஒரு அடி தப்பாக் காட்டினா, ஆளுங்க வரட்டும்னு விட்டுவைப்பீங்களா?"

அங்கே காற்று அடிக்கிறது மட்டும் கேட்டது.

"மாட்டேன்" என்றார்.

"அவ்வளவுதான் நான் கேட்கிறது."

மறுநாள் போன் வரவில்லை. எண் ஐம்பதில் நின்றிருக்கும், பூஸ்டரைப் போட்டிருக்க மாட்டார். மாமியாரும் நானும் போனை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எழுந்து போய்ப் படுத்தார். நான் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு நாள் குரல் கேட்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று எத்தனையோ பேருக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் ஆகாது. சாப்பாடு இறங்காது, வேலையில் கவனம் இருக்காது, அவர் அங்கே வழுக்கி விழுந்து கிடப்பதாக ஒரு படம் கண்முன்னால் வந்துவந்து போகும். அவ்வளவுதான்.

அதற்கு மறுநாள், வழக்கமான நேரத்துக்கு முன்பே, வெளியில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே போன் அடித்தது.

"நூறு" என்றார்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏய், கேட்குதா? நூறு! வயர்லெஸ்ல ஆபீசைக் கேட்டு அனுமதி வாங்கி, நேத்து சாயங்காலம் வயரை மாத்திட்டேன். இன்னைக்கு மத்தியானம் சரசரன்னு ஏறி, நூறுல போய் நின்னுடுச்சு. இந்த மீட்டர்ல மூணு இலக்கம் வரும்னே எனக்குத் தெரியாது!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தேபோயிருந்தேன். மாமியார் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். சாப்பிட்டாயா, சளி, தாழ்ப்பாள் எல்லாம் ஆனது, அதோடு நிற்கவில்லை, வயரைத் தொட்டபோது ஷாக் அடித்ததா, கால்வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறாய், முடி வெட்டிக்கொண்டாயா என்று ஆசை தீரப் பேசினார். கடைசியில் போனை என் கையில் கொடுத்து, வாயை என் காதருகே கொண்டுவந்து "இன்னைக்காவது கேட்டுடு" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் யோசித்துவைத்திருந்த கதைகளில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடை முதலாளியைப் பற்றி என்னவோ சொன்னேன். மேல்மாடிக்காரர்கள் குழாயை மூட மறந்து எங்கள் வராந்தா குளமானதைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கலங்கலாக ஓடுகிறது, ஆனால் அடங்கித்தான் இருக்கிறது, இன்றைக்கு ஒரு மரம் வேரோடு போயிற்று என்றார். நல்ல பக்குவத்தில்தான் இருந்தார். இன்னும் கொஞ்சம் சுற்றியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். "இந்தத் தடவை போடாதீங்க. வந்துடுங்க. போதும்."

காற்று கேட்டது.

"என்னங்க?"

"போட்டுட்டேன்" என்றார்.

"என்னத்தைப் போட்டுட்டீங்க? இன்னும் மழையே முடியலையே. எப்பப் போட்டீங்க?"

"அந்தப் பேனலை மாட்ட வந்தாங்களே, அன்னைக்கு."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன், துணிமேலேயே.

"இன்னொரு வருஷம் இருக்கியான்னு கேட்டாங்க" என்றார். "முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்கு முந்தின நாள்தான் நீ சொன்ன. இங்க எல்லாம் நல்லா இருக்கு, நாங்க பார்த்துக்குறோம், நீங்க கவலைப்படாதீங்கன்னு. நீ தினமும் அதைத்தானே சொல்ற. சரி, அவளுக்கு நான் இல்லாமப் பழகிடுச்சுபோலன்னு தோணுச்சு. அப்ப, பேசுற நேரமாவது கூடட்டும்னு..."

"கூடட்டும்னு?"

"இன்னொரு பேனல் மாட்டிக் கொடுத்தா இருக்கேன்னு சொன்னேன். கொடுத்தாங்க. போட்டேன்."

கடையில் எத்தனையோ விதமான பேரங்களைப் பார்த்திருக்கிறேன். ஓடாத பேட்டரிக்குப் புதுப் பேட்டரி கேட்டவனைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பேரத்தை இந்த உலகத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். என்னோடு கூடக் கொஞ்ச நேரம் போனில் பேசுவதற்காக, என்னிடம் வந்து சேர வேண்டிய ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

"அட பைத்தியமே!" என்று கத்தினேன். அவரை நான் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "நீங்க வந்திருந்தா போன் எதுக்குங்க?"

"நீ வான்னு சொல்லவே இல்லையே."

"நீங்க வரட்டுமான்னு கேட்கவே இல்லையே!"

"பேனல் வந்ததும் எல்லாத்தையும் நிதானமாச் சொல்லணும்னுதான் இருந்தேன். அது வந்தப்புறம் நம்பர் இன்னும் இறங்கிப்போச்சு. என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? தினமும் தொட்டுடுச்சு, தொட்டுடுச்சுன்னு வச்சதுல... உண்மையைச் சொன்னா, எனக்கும் அது தோதாப்போச்சு."

கையெழுத்தை முறித்துக்கொண்டு வர முடியாதா என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். "மழைக்காலத்துல இந்த இடத்தை ஆளில்லாம விட்டுட்டு வரச் சொல்றியா? கீழே இத்தனை ஊர் இருக்கு" என்றார், மிகவும் மெதுவாக. மழை முடிந்த பிறகு என்றேன். "சொன்ன வார்த்தை" என்றார். அதற்குமேல் எனக்கும் தெம்பில்லை. அவர் அப்படி விட்டுவிட்டு வந்தால் அது அவர் இல்லை. அது தெரிந்தும் அழுதேன். அந்தப் பக்கத்தில் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சளியா என்று நான் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. வழக்கம்போல வைத்துவிடுவார் என்று பயந்தேன். வைக்கவில்லை. "தொண்ணூத்திநாலுதான் ஆகுது" என்றார், என்னவோ எனக்கு வாங்கிவந்த பரிசைக் காட்டுகிற மாதிரி. பிறகு பேச ஆரம்பித்தார். என் வாழ்நாளில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. விடிந்ததும் முதலில் என்ன செய்வார், ஆற்றங்கரைக்கு எந்த வழியாக இறங்குவார், எந்தப் பாறையில் கால் வழுக்கும், ஒரு நாய் எங்கிருந்தோ வந்து தங்கியிருப்பது, அதற்குப் பெயர் வைக்காமல் "டேய்" என்றே கூப்பிடுவது, என்னைப் பற்றி அதனிடம் சொல்லியிருப்பது. குரல் என் காதுக்குள் அவ்வளவு தெளிவாக இருந்தது. கேட்கக் கேட்க, கையை நீட்டினால் அவர் சட்டை தட்டுப்பட வேண்டும்போல இருந்தது. இதுவரை ஏங்கினது ஏக்கமே இல்லை என்று தோன்றியது. அப்போது குறை சொல்ல ஒரு எண்ணாவது இருந்தது.

கதவு திறந்தது. மாமியார் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். நான் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரம் பேசினால் நல்ல சேதியாகத்தானே இருக்கும். பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார்.

"என்னம்மா, வர்றானா?" என்றார்.

நான் போனைக் கையால் மூடிக்கொண்டேன்.

"பேசறாருங்க அத்தை" என்றேன். "இனிமே நிறையப் பேசுவாரு."